சித்தியின் ஹாஃப் டைம்

போன மாதம் சென்னையில் ஆபீஸ் தோழி ஒருத்தியின் வீட்டில் டிவியில் ஃபுட்பால் கேம் ஆடினோம். எனக்குப் பிரேசில், அவளுடைய அண்ணனுக்கு ஜெர்மனி. நான் இரண்டு கோல் முன்னால் இருந்தேன். ஹாஃப் டைம் விசில் ஊதியதும் என் ஜாய்ஸ்டிக்கை அவரிடம் நீட்டினேன்.

"என்ன, பட்டன் வேலை செய்யலையா?" என்று கேட்டார்.

"இல்ல, மாத்திக்கணும்ல?"

"எதை?"

"ஹாஃப் டைம் ஆயிடுச்சே. இனிமே நீங்க பிரேசில், நான் ஜெர்மனி."

சோபாவில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையில்தான் எனக்கு உறைத்தது. உலகத்தில் வேறு யாரும் இப்படி ஆடுவதில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கிறவள் எதற்காகத் தன் டீமைத் தூக்கி எதிராளி கையில் கொடுக்க வேண்டும்? "எங்க ஊர்ல அப்படித்தான்" என்று சமாளித்தேன். அதுவும் பொய். எங்கள் ஊரிலும் யாரும் அப்படி ஆடவில்லை. நெய்வேலி டவுன்ஷிப்பில், எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிர்க் குவார்ட்டர்ஸில், ஒரே ஒரு டிவிக்கு முன்னால் மட்டும் இருந்த சட்டம் அது. சட்டம் போட்டது சித்தி.

எனக்கு அவர் சித்தி இல்லை. எதிர்வீட்டுச் சரவணனுக்குச் சித்தி, அவன் அம்மாவின் தங்கை. அவன் கூப்பிட்டதால் நாங்களும் கூப்பிட்டோம். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அவர் வந்தது மின்வெட்டு ஊரையே பாடாய்ப் படுத்திய வருஷம். பண்ருட்டியில் கரண்ட் இருக்காது, விருத்தாசலத்தில் இருக்காது. டவுன்ஷிப்புக்குள் மட்டும் ஃபேன் நிற்காது. அதனால் எங்கள் பிளாக்கில் எந்த வீட்டை எட்டிப் பார்த்தாலும் சொந்தக்காரர்கள். பரீட்சைக்குப் படிக்க வந்த பையன்கள், கைக்குழந்தையோடு வந்த பெண்கள், சும்மா தூங்கிவிட்டுப் போக வந்த மாமாக்கள். பையும் கையுமாக ஒரு பெண் வந்து இறங்கினால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

"கம்மாபுரம் பக்கத்துல என்னைக் கட்டிக் குடுத்துருக்காங்க. அங்க கரண்டே நிக்கறதில்லீங்க. அதான் அக்கா வூட்டுக்கு வந்துட்டேன்" என்று என் அம்மாவிடம் சித்தி சொன்னார். சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஊர். கரண்ட் எடுக்கும் நிலக்கரி அவர்கள் வாசலில் கிடைக்கிறது, கரண்ட் மட்டும் கிடைக்கவில்லை. அம்மா உச்சுக்கொட்டினாள்.

ஒரு வாரம் இருப்பார் என்று நினைத்தோம். கோடை போய் மழை வந்தது. மழை போய்ப் பனி வந்தது. சித்தி அப்படியே இருந்தார்.

நிஜக் காரணத்தைச் சரவணன்தான் சொன்னான். சித்தி கல்யாணத்துக்கு முன்னால் வடலூரில் ஒரு சின்ன ஸ்கூலில் கம்ப்யூட்டர் டீச்சர். கல்யாணம் பேசும்போது, வேலைக்குப் போகட்டும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றார்களாம். கல்யாணம் ஆனதும் மாமியார், நம் வீட்டில் அதெல்லாம் வழக்கம் இல்லை என்றுவிட்டார்.

"அவரு என்ன சொன்னாரு, உங்க சித்தப்பா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. அதான் பிரச்சினையே" என்றான் சரவணன்.

அவர் அடிக்கவில்லை, குடிக்கவில்லை. வேலைக்குப் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு இது ஒரு சண்டையாகவே படவில்லை. சண்டை என்றால் இரண்டு பக்கம் வேண்டாமா?

இனிச் சட்டம் பிறந்த கதை. முதல் சில நாள் சித்தி காய்கறி நறுக்கிக்கொண்டே எங்கள் ஆட்டத்தைப் பார்த்தார். எங்கள் என்றால் சரவணனும், பின்தெரு பாபுவும். நான் அப்போது அங்கே இல்லை. பையன்கள் இருக்கிற வீட்டில் உனக்கென்ன ஆட்டம் என்று அப்பா நிறுத்தி வைத்திருந்தார். ஒரு நாள் பாபு வரவில்லை. ஆள் இல்லாமல் தவித்த சரவணன், "சித்தி, சும்மா இத புடிச்சிக்குங்க போதும்" என்று ஒரு ஜாய்ஸ்டிக்கைக் கையில் திணித்தான். பத்து நிமிஷத்தில் சித்தி கோல் அடித்துவிட்டார். கம்ப்யூட்டர் டீச்சர் விரல் அல்லவா. முதல் பாதி முழுக்க டிவியின் வலது பக்கம் பார்த்து ஓடி ஓடி அடித்தார்.

இரண்டாம் பாதியில் டீம்கள் பக்கம் மாறும். அது சித்திக்குத் தெரியாது. விசில் ஊதியதும் பழையபடி வலது பக்கமே ஓடி, தன் கோல் கீப்பர் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, தன் கோலிலேயே அடித்தார். சரவணன் தரையில் உருண்டு சிரித்தான். சித்திக்குக் கோபம்.

"எனக்கு இந்தப் பக்கம்தான் அடிக்கத் தெரியும்."

"அதுக்கு? இப்ப உங்க டீம் அந்தப் பக்கம் அடிக்கணும் சித்தி."

"அப்ப உன் டீமு இந்தப் பக்கம் அடிக்குமா?"

"ஆமா."

"அப்ப அத எங்கிட்ட குடு. இத நீ வச்சிக்க."

பிடுங்கிக்கொண்டார். அவ்வளவுதான் சட்டம். பாபு திரும்பி வந்தபோது அது வீட்டு வழக்கமாகியிருந்தது. ஹாஃப் டைம் ஆனால் ஜாய்ஸ்டிக் கைமாற வேண்டும். நீ மூன்று கோல் அடித்திருந்தாலும் அந்த மூன்று கோலும் இனி எதிராளியுடையது. ஒரு மாதத்துக்குள் சித்தி இரண்டு பக்கமும் அடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார், எங்களைவிட நன்றாகவே. ஆனாலும் மாற்றுவதை விடவில்லை. ஏன் என்று கேட்டால், "எல்லாத்தையும் ஒருத்தரே வச்சிகினு இருந்தா எப்டி?" என்பார்.

எனக்கு வழி திறந்ததும் சித்தியால்தான். வாசலில் துணி எடுக்கும்போது, எதிரே கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "ஏ எதிர்வூடு, வரியா?" என்றார். அப்பா நியூஸ்பேப்பரை இறக்கி எதிரே பார்த்தார். பார்டர் புடவையில் ஒரு குடும்பப் பெண் நிற்பதைக் கண்டதும், "சித்தி இருக்காங்கன்னா போ. இல்லன்னா போகக்கூடாது" என்றார். கடைசிவரை சித்தி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, எதிர்வூடுதான்.

அதற்கப்புறம் ஸ்கூல் விட்டு வந்தால் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு அங்கேதான். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் கத்தியதில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் பாதி நாள் கத்த முடியாது. சரவணன் அப்பாவுக்கு மைன்ஸில் நைட் ஷிஃப்ட் வாரம் என்றால் பகலெல்லாம் உள்ரூமில் தூங்குவார். டிவியில் சத்தம் வைக்கக் கூடாது. கோல் அடித்தால் பாபு துண்டை வாயில் கவ்விக்கொண்டு ஹாலைச் சுற்றி ஓடுவான். நான் தலையணையைக் குத்துவேன். சித்தி மட்டும் கோல் அடித்த கையோடு எதிராளியின் கீப்பரைப் பார்த்து, "பாவம், அவனும் இன்னா செய்வான்" என்று கிசுகிசுப்பார். டிவியில் இருக்கிறவனுக்கு ஆறுதல்.

எனக்குச் சுபாவத்திலேயே ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும். யார் ஜெயித்தது, எத்தனைக்கு எத்தனை. அந்த வீட்டில் அதைச் சொல்லவே முடியாது. பிரேசில் நாலு, ஜெர்மனி மூணு. சரி, பிரேசில் யார்? முன்பாதியில் நான், பின்பாதியில் சித்தி. அடித்த கோல்களைப் பிரித்துப் பார்த்தால் வேறு கணக்கு வரும். "அப்ப யாருதான் சித்தி ஜெயிச்சது?" என்று நான் பல்லைக் கடித்தால், "நல்லா ஆடினோம்ல, அப்புறம் இன்னா?" என்று டீ போட எழுந்துபோவார்.

பாபு இதில் ஒரு தந்திரம் கண்டுபிடித்தான். எப்படியும் ஹாஃப் டைமில் டீம் மாறப்போகிறது, அப்படியானால் முதல் பாதியில் வேண்டுமென்றே தோற்றால் இரண்டாம் பாதியில் ஜெயிக்கிற டீம் நமக்கு. அவன் நினைத்ததையே நானும் நினைத்தேன். ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் ஆடிய முதல் பாதியைப் பார்த்திருக்க வேண்டும். பந்தை இருவரும் எதிராளிக்குத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தோம். அவன் தன் கோலை நோக்கி ஓட, நான் பந்தைப் பிடுங்கி என் கோலை நோக்கி ஓட, டிவிக்குள் இருந்த ஜனம் ஊளையிட்டது. சரவணன் விழுந்து விழுந்து சிரித்தான். சித்திக்கு மட்டும் சிரிப்பே வரவில்லை.

"எந்திரிங்க ரெண்டு பேரும்" என்றார். அந்தக் குரலில் அவர் டீச்சராக இருந்தது தெரிந்தது. "கையில இருக்கிற வரைக்கும் அது உங்க டீமு. அதுக்காக உசுரக் குடுத்து ஆடணும். மாத்தினப்புறம் இதுக்காக ஆடணும். தோக்கறதுக்குன்னு ஆடறதா இருந்தா எந்திரிச்சிப் போயிடுங்க."

அவர் அப்படித்தான் ஆடுவார். ஐந்து கோல் வாங்கிய டீமை ஹாஃப் டைமில் கையில் கொடுத்தாலும், பிறந்ததிலிருந்து அந்த ஊர்க்காரர் மாதிரி மூச்சு முட்ட ஆடுவார். ஒரு நிமிஷம் முன்னால் தானே அடித்த கோலுக்காகத் தானே வருத்தப்படுவார். நடிப்பு இல்லை அது. எனக்குப் புரியாததும் அதுதான்.

ஆட்டத்தோடு விட்டாலும் பரவாயில்லை. காலாண்டுத் தேர்வில் எனக்கு மார்க் குறைந்தது. இனிமேல் எதிர்வீட்டுப் பக்கமே போகக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். நான் ஓடிப்போய்ச் சித்தியிடம் அழுதேன். உடனே முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தார். "பொம்பளப் பொண்ணுக்கு வூட்ட வுட்டா ஸ்கூலு, ஸ்கூல வுட்டா வூடு. அதுவும் மனுசிதானங்க? ஒரு மணி நேரம் வெளயாடினா மார்க்கு கொறஞ்சிடுமா? பையனா இருந்தா இப்டி நிறுத்துவீங்களா?" என்று ஒரு பிடி பிடித்தார். வக்கீல் தோற்றுவிடுவார். அப்பா திணறி, "சரிங்கம்மா, வரட்டும்" என்றார். நான் குதிக்கப்போகிற நேரம் சித்தி என்னைப் பார்த்துத் திரும்பினார். "ஆனா அவரு பக்கத்துலேர்ந்து பாரு. மூணு ஷிஃப்ட்டு மாறி மாறி ஒழைக்கறாரு. பொண்ணு படிக்கணும்னுதான. வாரத்துல அஞ்சு நாளு படி. சனி ஞாயிறு மட்டும் வா" என்றார். அப்பாவே அவ்வளவு கேட்கவில்லை. எனக்காக வாதாடி ஜெயித்து, அந்த ஜெயத்தை அப்படியே அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்குச் சித்தியைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது.

அவருடைய சொந்த வழக்கிலும் இதே கதைதான். சரவணன் அம்மா துணி உலர்த்தும்போது தங்கையின் புருஷனைத் திட்டுவார். "வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தான்? அம்மாக்காரி சொன்னப்ப எதுத்து ஒரு வார்த்த பேசக்கூடாது?"

"அவரு பக்கத்துலேர்ந்து பாருக்கா" என்பார் சித்தி. "அப்பா இல்லாத புள்ள. அந்தம்மா கூலி வேல செஞ்சி வளத்தவங்க. திடீர்னு எப்டி எதுத்துப் பேசுவாரு?"

"அப்ப அவன் நல்லவன்ற. சரி, கெளம்பு. போய் வாழு."

"எப்டிக்கா போவறது? எனக்கு வாயி இல்லியா, படிப்பு இல்லியா? அங்க போய் செவுத்தப் பாத்துகினு ஒக்காரவா?"

"அடியேய், நீ எந்தப் பக்கம்டி?"

சித்தி கொடியில் இருந்த துணியைத் தட்டித் தட்டி மடிப்பார். துணியிலிருந்து அனல்மின் நிலையத்துச் சாம்பல் பொடியாக உதிரும். ஏன் போகவில்லை என்று ஒரு தடவை நானே கேட்டேன். "அந்த வூட்ல ஒருத்தரும் கெட்டவங்க இல்ல, எதிர்வூடு. கெட்டவங்களா இருந்தா சொல்றதுக்கு சுலுவா இருக்கும்" என்றார். கண் கலங்கியிருந்தது.

சித்தப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் வருவார். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை, அந்த ஒரு நாள்தான் லீவு. பலாப்பழ சீசன் என்றால் பின்சீட்டில் ஒரு பழத்தைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வருவார். சீசன் இல்லையென்றால் முந்திரி. சேரின் நுனியில் உட்கார்ந்து, எங்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போவார். "நல்லா இருக்கியா?" என்பார். "இருக்கேன்" என்பார் சித்தி. வீட்டுக்கு வா என்று ஒரு தரம்கூடக் கேட்டு நான் பார்க்கவில்லை. ஆனால் ஒரு ஞாயிறு தவறாமல் வந்தார். இந்த மனுஷன் கெஞ்ச வருகிறாரா, சும்மா வருகிறாரா என்று நானும் பாபுவும் தலையைப் பிய்த்துக்கொள்வோம்.

அதற்குள் ஊர்ப்பக்கம் மின்வெட்டு குறையத் தொடங்கியது. ஊருக்கே நல்ல சேதி, எங்களுக்குத்தான் கெட்ட சேதி. வந்திருந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். மாமாக்கள் போனார்கள், கைக்குழந்தைகள் போயின. பால் பூத்தில், ரேஷனில், கோயிலில், பார்க்கிறவர்கள் எல்லாம் சித்தியிடம், "இப்ப உங்க ஊர்ல கரண்ட் ஒழுங்கா வருதாமே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலில், "எங்கங்க, வந்து வந்து போவுது" என்றார். அப்புறம், "லோ வோல்டேஜுங்க" என்றார். நாளாக நாளாகப் பால் வாங்கச் சரவணனை அனுப்பினார். இனி ஒன்று, புருஷன் வீட்டுக்குப் போயாக வேண்டும். அல்லது, நான் வாழப் போகவில்லை என்று ஊருக்குச் சொல்லியாக வேண்டும். கரண்ட் இல்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. அவர் போய்விட்டால் எனக்கும் அந்த வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். நான் சுயநலமாக, கரண்ட் போகட்டும் சாமி, கம்மாபுரத்தில் மட்டும் கரண்ட் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சித்தப்பா வழக்கம்போல் சேரின் நுனியில். பாபு ஊரில் இல்லை. சரவணனுக்கு என்ன தோன்றியதோ, "சித்தப்பா, நீங்க சித்தியோட ஆடுங்களேன்" என்றான். அவர் வெட்கப்பட்டார். சித்தி, "வாங்க, ஆடுங்க. கடிச்சிடாது" என்றார். அவர் வந்து பாயில் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கை இரண்டு கையாலும் பிரசாதம் மாதிரி வாங்கிக்கொண்டார். சரவணன் பட்டன்களைச் சொல்லிக்கொடுத்தான். ஹாஃப் டைமில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற எங்கள் சட்டத்தையும் சொன்னான். அவர் கவனமாகத் தலையாட்டினார்.

முதல் பாதியில் சித்தி இரக்கமே காட்டவில்லை. சித்தப்பாவின் ஆட்கள் பந்து எங்கே என்று தேடுவதற்குள் கோல் விழுந்தது, மறுபடி விழுந்தது. கீப்பர் பாவம் என்று சித்தி சொல்லவில்லை. விசில் ஊதியபோது நாலுக்குப் பூஜ்யம். சித்தப்பா முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. சட்டப்படி தன் ஜாய்ஸ்டிக்கை மரியாதையாக நீட்டினார்.

சித்தி வாங்கவில்லை.

"வேணாம்" என்றார். "உங்க பக்கத்த நீங்களே ஆடுங்க. என் பக்கத்த நானே ஆடறேன்."

சரவணன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு வருஷத்தில் ஒரு தரம்கூட நடக்காத விஷயம்.

இரண்டாம் பாதி தொடங்கியது. பக்கம் மாறியது சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. எப்போதோ சித்தி செய்த அதே தப்பு. பழையபடி இடது பக்கமே ஓடினார். அவருடைய கோலை நோக்கி அவரே ஓடுவதை நாங்கள் சொல்லலாமா கூடாதா என்று விழித்தோம். ஏதோ சரியில்லை என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் சித்தியைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் எந்தப் பக்கம் போவணும்?" என்று கேட்டார்.

சித்தி பட்டனை அழுத்தி ஆட்டத்தை அப்படியே நிறுத்தினார். டிவியைப் பார்த்தபடியே பேசினார். "அதத்தாங்க நானும் கேட்டுகினு இருக்கேன். உங்கம்மா பக்கத்துலேர்ந்து எனக்குப் பாக்கத் தெரியும். எங்கக்கா பக்கத்துலேர்ந்தும் தெரியும். உங்க பக்கம் எதுன்னுதான் தெரியல. நான் வேலைக்குப் போவட்டுமா, வேணாமா? அத நீங்க சொல்லுங்க. யாரையும் கேக்காம சொல்லுங்க."

டிவியில் இருபத்திரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். நான் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து சரவணன் அம்மா, "எல போட்டாச்சு, வாங்க" என்று கூப்பிட்டார். எனக்கு அந்த அம்மா மேல் இன்றைக்கும் கோபம் தீரவில்லை. சித்தப்பா எழுந்தார். ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைக்காமல் கையில் பிடித்தபடியே சாப்பிடப் போய், பாதி வழியில் திரும்பி வந்து வைத்துவிட்டுப் போனார். அப்பா கூப்பிட்டதால் நானும் வீட்டுக்குக் கிளம்பினேன். ஆட்டம் நிறுத்திய இடத்திலேயே நின்றது.

அவர் என்ன பதில் சொன்னார், சொன்னாரா இல்லையா, எனக்குத் தெரியாது. சரவணனுக்கும் தெரியாது. பைக் பக்கத்தில் இருவரும் நெடுநேரம் நின்றார்களாம், அவ்வளவுதான் அவன் பார்த்தது.

அடுத்த ஞாயிறு சித்தி கிளம்பிவிட்டார். அதே பை. கேட்டுக்கு வெளியே நின்று என் அம்மாவிடம், "ஊர்ல கரண்டு வந்துடுச்சிங்க. அதான் கெளம்பறேன்" என்றார். "நல்லதும்மா, நல்லபடியா இரு" என்றாள் அம்மா. அம்மாவுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும், ஆனால் எல்லோரும் கரண்டைப் பற்றியே பேசினார்கள். சித்தி என் கன்னத்தைத் தட்டி, "நல்லாப் படி, எதிர்வூடு" என்றார். சித்தப்பாவின் பைக் மறையும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு ஜாய்ஸ்டிக்கைக் கொடுக்க மறுத்ததை, போகமாட்டேன் என்ற அர்த்தமாக எடுத்துக்கொண்டு நான் ஒரு வாரமாகக் குஷியில் இருந்தேன். மாற்றிக்கொள்ளாதவர் ஏன் போனார்? தோற்றுப் போனாரா, ஜெயித்துப் போனாரா? அதன்பிறகு நான் எதிர்வீட்டுக்குள் போகவில்லை. "சித்திதான் இல்லையே" என்றார் அப்பா. பிளஸ் டூ வந்தது, கல்லூரி வந்தது, சென்னை வந்தது.

போன மாதம் அந்த ஜெர்மனிக்காரரிடம் அசடு வழிந்தபிறகு இருப்புக்கொள்ளவில்லை. சரவணனிடம் நம்பர் வாங்கி, ஆபீஸ் விட்டு வந்ததும் சாயங்காலமே கூப்பிட்டேன்.

"சித்தி, நான் கவிதா."

"எந்தக் கவிதா?"

"எதிர்வூடு."

"அடியேய்!" என்று ஒரு கத்தல். நைட் ஷிஃப்ட் வாரங்களில் அடக்கி வைத்திருந்த கத்தல் எல்லாம் சேர்ந்து வந்த மாதிரி இருந்தது. வேலை, சாப்பாடு, கல்யாணம் எல்லாம் விசாரித்து முடித்தபின் மெதுவாகக் கேட்டேன்.

"சித்தி, அன்னிக்கு சித்தப்பாகூட ஆடினீங்களே. ஹாஃப் டைம்ல ஏன் மாத்தல?"

"மாத்தினமே."

"இல்ல சித்தி. அவரு நீட்டினாரு, நீங்க வாங்கல. நான் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தேன்."

"ஆடினது நானா நீயா? மாத்தினோம். நான் சொல்றேன்ல?"

நான் சொல்கிறேன் அல்லவா என்று சித்தி சொல்லி அதுவரை நான் கேட்டதே இல்லை. பழைய சித்தி என்றால், உன் பக்கத்துலேர்ந்து பாத்தா நீ சொல்றதும் சரிதான் என்றிருப்பார். பின்னால் ஒரு ஆண்குரல், "மாத்தலம்மா, நீதான் வாங்கல" என்றது. "வாங்கினேன்" என்றார் சித்தி. "வாங்கல." "வாங்கினேன்ங்க!" அப்புறம், "இந்தாங்க, அதுகிட்ட நீங்களே சொல்லுங்க" என்று போன் கைமாறியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சேரின் நுனியில் உட்கார்ந்திருந்த மனுஷனா என்று சந்தேகம் வரும்படி சித்தப்பா பேசினார். "நல்லா இருக்கியாம்மா? அவ இப்பதான் ஸ்கூல்லேர்ந்து வந்தா. அங்க கம்ப்யூட்டர் ரூம்ல பசங்க படுத்தி எடுக்குதுங்க. அதான் கொஞ்சம் சத்தம். நான் ஒரு டீ போட்டுக் குடுத்தா அடங்கிடுவா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னிக்கு மாத்தல, எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. ஆனா அவ பக்கத்துலேர்ந்து பாத்தா, மாத்தினமாதிரிதான்னு வச்சிக்கயேன்."

எனக்குத் தலை சுற்றியது. யாருடைய பேச்சு யார் வாயில் வருகிறது? ஆனால் ஸ்கூல் என்ற ஒரு வார்த்தை காதில் விழுந்ததிலிருந்து என் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

"அப்ப அன்னிக்கு ஜெயிச்சது யாரு சித்தப்பா?" என்றேன்.

"அதுவா," என்று அவர் ஆரம்பித்தார். அதற்குள் அந்தப் பக்கம் ஃபேன் சத்தம் தேய்ந்து நின்றது. "அட, கரண்டு போயிடுச்சி" என்றார்.

இருட்டுக்குள்ளிருந்து சித்தியின் சிரிப்பு கேட்டது. "கரண்டு இல்லாத வூட்ல எல்லாம் நான் இருக்கமாட்டேன். எங்கக்கா வூட்டுக்குக் கெளம்பறேன்."

"இரு, நானும் வரேன்" என்றார் அவர்.